வீரணன் கைவைத்த தட்டு

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சனமெல்லாம் வந்த வழியே போய், வாடகைப் பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்த மறுநாள் மத்தியானம், சிட்டம்மா மகளுக்குத் தட்டில் சோறு போட்டு அவரைக்காய்க் கூட்டை ஊற்றிக்கொண்டிருந்தபோது, செத்துப்போன அவள் புருசன் வீரணன் முதுகில் மருந்து டேங்கோடு நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்து, டேங்கைக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டு, தட்டுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். உயிரோடு இருந்த காலத்திலும் அந்த நேரத்துக்குத்தான் வருவான் என்பதால் சிட்டம்மா கரண்டியைக் கீழே போடவில்லை. "காலு கழுவுனீங்களா" என்று மட்டும் கேட்டாள்.

அவன் வலது கையை நீட்டி, மகள் நாகஜோதியின் தட்டுக்கு மேலே, சோற்றில் படாமல் ஒரு சாண் உயரத்தில், ஐந்து விரலையும் விரித்துக் கவிழ்த்துப் பிடித்தான். பிடித்ததுதான் தாமதம், கூட்டிலிருந்து அந்த வாசம் எழுந்தது. இருபத்திரண்டு வருசமாகச் சிட்டம்மா அவன் சட்டையிலிருந்து துவைத்துத் துவைத்துப் போக்கப் பார்த்தும் போகாத வாசம், தோட்டம் தோட்டமாக அவன் பீன்சுக்கும் தக்காளிக்கும் கத்திரிக்கும் அடித்துத் திரிந்த பூச்சிமருந்தின் வாசம், தொண்டையில் இறங்கிக் கசக்கிற வாசம். நாகஜோதி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சிட்டம்மா தட்டை மாற்றி வெண்டைக்காய் வைத்தாள், கை விலகவில்லை. தக்காளி ரசம் ஊற்றினாள், கை விலகவில்லை. கடைசியில் தாயும் மகளும் கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்தார்கள், வீரணன் டேங்கைத் தூக்கி மாட்டிக்கொண்டு வந்தபடியே போனான்.

சும்மா கிடந்த வயிறாக இருந்தால் கஞ்சித்தண்ணியோடு போயிருக்கும். நாகஜோதிக்கு அப்போது ஏழாம் மாதம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற புருசன் அப்பன் சாவுக்குக் கூட்டிவந்து, அப்படியே பிரசவத்துக்கு என்று விட்டுவிட்டுப் போயிருந்தான். ஊசி போடப் போன இடத்தில் ஸ்டெல்லா நர்ஸம்மா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, ரத்தத்தைச் சோதித்து, ஏழு பாயிண்டுதான் இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கினார். "பத்துக்காவது வரணும்த்தா. இல்லேன்னா வலி வந்தப்புறம் இங்க ஒருத்தரும் தொட மாட்டாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும், போற வழியில என்ன ஆகும்னு நான் சொல்ல மாட்டேன். கீரை தின்னு, பருப்பு தின்னு, முருங்கை தின்னு." மகளுக்குக் கிடைத்த அந்த மூன்று மாதத்தைத்தான் செத்தவன் மத்தியானம் மத்தியானம் வந்து கையால் மூடிக்கொண்டிருந்தான்.

சிட்டம்மா என்னதான் செய்யவில்லை. காயை உப்புத்தண்ணியில் ஊறப்போட்டாள், மஞ்சள் கரைத்து ஊறப்போட்டாள், புளித்தண்ணியில் அலசினாள், தோலைச் சீவி எறிந்துவிட்டு உள்ளிருந்ததை மட்டும் வேகவைத்தாள். நேரத்தை மாற்றிக் காலையில் போட்டுக் கொடுத்தாலும் அவன் அந்த நேரத்துக்குச் சரியாக வந்தான். எட்டாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இருக்கையில ஊரு தோட்டத்துக்கெல்லாம் அடிச்சீங்க, ஒரு நாளாச்சும் வேணாம்னு கைய மடக்கினீங்களா?" என்றாள். "இப்ப செத்து வந்து எம் மக சோத்துல கைய வைக்கிறீங்க. வேற என்னத்தத்தான் திங்கச் சொல்றீங்க, அதையாச்சும் சொல்லிட்டுப் போங்க."

வீரணன் தலை குனிந்துகொண்டான், கையை மட்டும் எடுக்கவில்லை. பீன்ஸ் தோட்டத்தில் உச்சி வெயிலில் அடித்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்து, கட்டிலில் போட்டுத் தூக்கி வருவதற்குள் முடிந்துபோன மனிதன் அவன். வாயில் நுரையோடு கிடந்த அந்த முகத்தை நினைத்து, ஏன் பேசினோம் என்று அவள் அன்றைக்கு முழுக்க அழுதாள்.

காய்கறிச் சந்தைக்குப் பின்பக்கம் இருந்தது அந்தக் காலனி. மூட்டை தூக்குகிறவர்கள், தக்காளி தரம் பிரிக்கிறவர்கள், களை எடுக்கப் போகிறவர்கள் என்று ஐம்பது அறுபது வீடு. செத்தவன் வருவது பற்றி அங்கே யாரும் பெரிதாகப் பேசவில்லை. பேசியதெல்லாம் அவன் கையைப் பற்றித்தான். பக்கத்து வீட்டு ராக்கம்மாதான் முதலில் வந்தாள், முந்தானையில் நாலு தக்காளியை முடிந்துகொண்டு.

"சிட்டு, அண்ணன் வந்திருக்காப்லயா? எம் பேத்திக்குத் தெனம் வயித்துவலிங்குறா. இதக் கொஞ்சம் பாக்கச் சொல்லேன்."

வீரணன் பார்த்தான். சுண்டுவிரலை மடக்கி நாலு விரலைக் காட்டினான். ராக்கம்மா அதைப் பத்துப் பேரிடம் சொல்ல, அடுத்த வாரத்தில் மத்தியானம் ஆனால் சிட்டம்மா வாசலில் ரேசன் கடையைவிட நீளமாக வரிசை நின்றது, பைப் பையாகக் காயோடு, தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு, அவன் எப்போது குனிந்து உள்ளே நுழைவான் என்று பார்த்துக்கொண்டு. அவன் அலுக்காமல் ஒவ்வொன்றுக்கும் கை வைத்தான். உள்ளங்கை முழுக்கக் கவிழ்த்தால் தொடவே கூடாது, நாலு விரல் என்றால் பெரியவர்கள் தின்னலாம், ரெண்டு விரல் என்றால் கழுவிவிட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்று காலனி தானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டது. ரேசன் அரிசி ரெண்டு விரல் வாங்கியது. காலிபிளவருக்கு அவன் ரெண்டு கையையும் கவிழ்த்தான். கொஞ்ச நாளில் தள்ளுவண்டிக்காரர்கள் "ஒத்த வெரலு கத்திரிக்கா, ஒத்த வெரலு கத்திரிக்கா" என்று கூவிப் போனார்கள், வாங்குகிறவர்கள் "வீரணன் மேல சத்தியம் பண்ணு" என்று கேட்டார்கள், அவர்களும் கூசாமல் பண்ணினார்கள். ரேசன் கார்டில் பெயர் நீக்க வந்த ஆபீசர், ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு, இறப்புச் சான்றிதழ் இருக்கிறதல்லவா என்று கேட்டுப் பெயரை அடித்துவிட்டுப் போனார்.

டவுனில் கண்ணாடிக் கதவு போட்ட இயற்கைக் காய்கறிக் கடை ஒன்று இருந்தது. ராக்கம்மா நாலு வீட்டில் வசூல் செய்து, நாகஜோதிக்கென்று அங்கிருந்து ஒரு கட்டுக் கீரையும் கால் கிலோ கேரட்டும் வாங்கி வந்தாள். சந்தை விலைக்கு மூன்று மடங்கு. "கும்பி கூழுக்கு அழுகுதாம், கொண்ட பூவுக்கு அழுகுதாம்னு நம்மளப் பாத்து சிரிக்கத்தான் போறாக" என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். கீரையின் மேல் வீரணன் கையே வைக்கவில்லை. கேரட்டுக்கு மூன்று விரல் காட்டினான். அந்தக் கீரை நாகஜோதிக்கு ஒரு நாளைக்கு ஆயிற்று. மறுநாளும் அதே மாதிரி ஒரு கட்டு வாங்க, வசூல் செய்ய வீடு மிச்சமில்லை.

அந்தச் சமயத்தில்தான் ரங்கநாயகியம்மா வந்தார். வீரணன் கடைசியாக விழுந்து கிடந்தது அவர்களுடைய பீன்ஸ் தோட்டத்தில்தான். பிள்ளைத்தாச்சிப் பெண் பட்டினி கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு, மனசு கேட்காமல், ஒரு பை நிறைய அவரையும் பீன்சும் கொத்தவரையும் கொண்டுவந்து, பாவம் அந்த அம்மாள் நல்ல எண்ணத்தில்தான், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் வைத்தார். வீரணன் பையைப் பார்த்தான், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான். ஒரு விரல்கூட இல்லை. வாசலில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"அதே தோட்டத்துக் காயிதானம்மா?" என்று ராக்கம்மா கேட்டாள்.

"தோட்டத்துலதான். இது ஓரத்துப் பாத்தி, வீட்டுக்குன்னு விட்டது" என்று சொன்ன ரங்கநாயகியம்மா, சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று புரிந்து, முகம் சுண்டிப்போய் எழுந்தார்.

சிட்டம்மாவுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் நாலு பாத்தி வீட்டுக்கென்று இருக்கும், அதை விட்டுவிட்டுத்தான் அடிக்கச் சொல்வார்கள் என்று வீரணன் எத்தனையோ முறை சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லியிருக்கிறான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அந்த நாலு பாத்தியில் ஒரு துளி படாமல் அடிப்பதில் அவனுக்குக் கைராசி என்று பெயர், அதற்காகவே அவனைத் தேடி ஆள் வரும். அவளும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அடித்த பாத்திகளெல்லாம் யாருக்கு என்று அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை, சாயங்காலம் அடித்த பாத்திக் காயைத்தான் அவள் சந்தையில் கழிவு விலைக்குப் பொறுக்கி வந்து ஆக்கிப் போட்டாள். ரங்கநாயகியம்மா அதற்குப் பிறகு வரவில்லை, அடுத்த தெருவில் பார்த்தாலும் குனிந்துகொண்டு போனார்.

அந்தப் பை ஐந்து நாள் வந்தது. ஆறாம் நாள் நாகஜோதி குழாயடியில் குடத்தோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவந்து படுக்கப்போட்ட பிறகு, பெண்கள் சுற்றி உட்கார்ந்து, வீரணன் அடிக்காத இடம் என்று இந்த ஊரில் எது உண்டு என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். தோட்டங்களில் இல்லை. வரப்பில் இல்லை, வரப்புப் புல்லுக்கும் அடிக்கச் சொல்வார்கள். ஓடைக்கரையில் இல்லை, டேங்கை அங்கேதான் கழுவுவான். ரயில் ரோட்டோரம்கூட ஒரு காண்டிராக்டர் அடிக்கச் சொல்லி அடித்திருக்கிறான். களையெடுப்புக்குப் போகிற பெண்களுக்குத் தெரியாத கீரை கிடையாது, தெரிந்து என்ன செய்ய, நின்று முளைக்க ஒரு அடி மண் பாக்கியில்லை.

"ஒரு எடம் இருக்கு" என்று ராக்கம்மா மெதுவாகச் சொன்னாள். "அங்க அடிக்க யாரும் கூலி குடுக்கல."

எல்லோருக்கும் தெரிந்தது. காலனிச் சனத்தைப் புதைக்கிற இடுகாடு கரட்டுக் குன்றடியில் ஒரு ஏக்கர் கிடந்தது, பெண்கள் அங்கே போவது கிடையாது, அங்கிருந்து ஒரு சுள்ளிகூட வீட்டுக்குக் கொண்டுவருகிற வழக்கம் கிடையாது. மறுநாள் காலை பத்து மணிக்கு, பட்டப்பகலில், சிட்டம்மா தனியாக ஒரு ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு போனாள். மகள் கிடக்கிற கிடையில் அவளுக்குப் பேயும் பிசாசும் ஒரு பொருட்டாய்ப் படவில்லை, போதாததற்குப் பேய் வீட்டிலேயே மத்தியானம் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

மழைக்குப் பிறகு இடுகாடு பச்சையாகக் கிடந்தது. குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை, வேலி ஓரமாய் முடக்கத்தான், மூலையில் யாரோ போத்துக் கிளை நட்டு மரமாகிவிட்ட முருங்கை. மேடு மேடாய் எல்லாவற்றின் மேலும் முளைத்திருந்தது. வீரணன் மேட்டில் மட்டும் ஒன்றுமில்லை. ஒன்றரை மாத மேடு, முந்தின வாரம் ஒரு குழந்தையைப் புதைத்த சின்ன மேட்டில்கூட அருகம்புல் தலைநீட்டியிருக்க, அவன் மண் மட்டும் மொட்டையாய், எறும்புகூட இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. அதைப் பார்க்காத மாதிரி நடந்து, பெயர் தெரியாத பழைய மேடு ஒன்றின் மேலிருந்து அவள் இரண்டு கை கீரை பறித்தாள், "தப்பா எடுத்துக்காதீங்க, பிள்ளத்தாச்சிக்கு" என்று மண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு.

அன்று மத்தியானம் வீரணன் அந்தக் கீரைக் கடைசலைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு மகள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான், இன்னொரு கரண்டி ஊற்று என்பது போலச் சிட்டம்மா பக்கம் ஒரு தரம் திரும்பினான். அவளுக்கு மனசு நிறைந்து போயிற்று. ஈமக்காட்டுக் கீரையை மகளுக்கு ஊட்டிவிட்டு மனசு நிறைகிறதே என்று பயமாகவும் இருந்தது.

காலனி முதலில் காறித் துப்பியது. ஒரு வாரம் சிட்டம்மா வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. இரண்டாவது வாரம் ராக்கம்மா கூடையோடு போனாள், மூன்றாவது வாரம் அத்தனை வீட்டுப் பெண்களும் போனார்கள், போனவுடனே முறை என்று ஒன்று உண்டாகிவிட்டது. அவரவர் ஆள் மேல் முளைத்ததை அவரவர்தான் பறிக்க வேண்டும். அடுத்தவர் ஆள் மேல் கை வைப்பதானால் வீட்டில் வந்து கேட்க வேண்டும். குழந்தைகள் மேல் முளைத்ததை யாரும் பறிக்கக் கூடாது, அது அப்படியே பூத்துக் காய்ந்து விழட்டும். பறிக்கும்போது செத்தவரைப் பற்றிக் குறை பேசக் கூடாது. இந்தக் கடைசி முறைதான் பலருக்குக் கஷ்டமாக இருந்தது.

சிட்டம்மாவுக்கு ஆள் இருந்தும் மேட்டில் கீரை இல்லை. அவள் கேட்கும் முன்பே ராக்கம்மா சொன்னாள்: "எம் மாமியா மேல பறிச்சுக்க. உசுரோட இருக்கையில ஒரு பிடி சோறு யாருக்கும் போடல மகராசி, இப்பத்தான் அள்ளி அள்ளிக் குடுக்குது." சொன்ன கையோடு, குறை பேசிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வீடு முறை வைத்து நாகஜோதிக்குக் கீரை வந்தது. இன்றைக்கு மூட்டைக்காரர் முனியாண்டி தம்பி மேல் முளைத்தது, நாளைக்குத் தக்காளிக்கார லட்சுமாயி புருசன் மேல் முளைத்தது. யார் மேல் முளைத்தது என்று சொல்லித்தான் கொடுப்பார்கள், தின்னும்போது அவரை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது பேச்சு. கம்பும் கேப்பையும் அவரவர் கூலியாக வாங்கி வந்ததில் ஒரு படி கொடுத்தார்கள். நாகஜோதி முன்பின் தெரியாத செத்தவர்கள் பெயரையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே தின்றாள். சில நாள் தூக்கத்திலும் முணுமுணுத்தாள். அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. எட்டு, எட்டரை, ஒன்பதே கால். பிரசவத்துக்குப் பத்து நாளிருக்கையில் ஸ்டெல்லா நர்ஸம்மா பத்து பாயிண்டு என்று எழுதிவிட்டு, "என்னத்தா குடுத்த பிள்ளைக்கு?" என்று கேட்டார். சிட்டம்மா "கீரதாங்க" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, பெண். ஆஸ்பத்திரிக்கு வீரணன் வரவில்லை, பிரசவ வார்டுக்குள் ஆம்பிளையை விடமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும் போல. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளை பார்க்க வந்த பெண்கள் வீடு நிறைய உட்கார்ந்திருக்கையில், மத்தியான நேரத்துக்கு அவன் டேங்கோடு குனிந்து நுழைந்தான். பிள்ளை பசிக்கு அழுதது. நாகஜோதி சேலையை இழுத்து மூடிக்கொண்டு பிள்ளையை நெஞ்சுக்குக் கொண்டுபோனாள். பெற்றவனே ஆனாலும் எழுந்து வெளியே போகிற நேரம் அது. வீரணன் போகவில்லை. எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

அவன் கை நீண்டது. பிள்ளையின் வாய்க்கும் தாயின் நெஞ்சுக்கும் நடுவே, ஐந்து விரலையும் விரித்து, முழு உள்ளங்கையாகக் கவிழ்ந்து நின்றது. அந்த வாசம் எழுந்தது. வீட்டிலிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது, ராக்கம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

இரண்டு மாதம் ஒரு விரல்கூட வாங்காத சோற்றைத்தான் மகள் தின்றாள். அப்படியானால் இது இந்த இரண்டு மாதத்தில் வந்ததில்லை. சின்ன வயசில் அப்பனுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய், அவன் மடியிலேயே தூங்கி எழுந்து வருவாளே, அப்போது வந்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால், அவளை வயிற்றில் வைத்துக்கொண்டு சிட்டம்மா அந்தச் சட்டைகளைக் கையால் கும்மித் துவைத்தாளே, அப்போதே வந்திருக்க வேண்டும். தன் வழியாகத்தான் போயிருக்கிறது என்று தெரிந்தபோது சிட்டம்மாவுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது, பச்சைப்பிள்ளை வீட்டில் கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிள்ளை வீறிட்டது. வீரணன் கை அங்கேயே நின்றது.

நாகஜோதி கோபப்படவில்லை. "அப்பா" என்றாள். "இதுக்கு வேற கடை இல்லப்பா. கைய எடுங்க."

அவன் எடுக்கவில்லை. அவள் பிள்ளையை இடது கையால் அணைத்துக்கொண்டு, வலது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் திரும்பி வந்த நாளிலிருந்து அவனை யாரும் தொட்டதில்லை. தொட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றும் ஆகவில்லை. கை குளிர்ந்து, ஈரமாக, அன்றாடம் வேலை முடிந்து வருகிற கையாகத்தான் இருந்தது. அதை மெதுவாகத் தூக்கி அவன் மடியிலேயே வைத்துவிட்டு, அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். வாசம் அடங்கவில்லை. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. வீரணன் கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு இருந்த இடத்திலேயே நகர்ந்து நகர்ந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. வருகிறான், டேங்கைக் கழற்றி வைக்கிறான், சுவரைப் பார்த்து உட்காருகிறான், போகிறான். பையோடு வந்த சனம் ரெண்டு மாதம் வந்து பார்த்தது. தட்டை அவனுக்கும் சுவருக்கும் நடுவே நுழைத்துக்கூடப் பார்த்தார்கள், கையை அவன் மடியிலிருந்து எடுக்கவில்லை. வரிசை நின்றுபோயிற்று. தள்ளுவண்டிக்காரர்கள் இன்னமும் ஒத்த வெரலு என்றுதான் கூவுகிறார்கள், சத்தியம்தான் யாரும் கேட்பதில்லை. இடுகாட்டுக் கீரைக்குப் பெண்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், டவுன்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து விலைக்குக் கேட்டபோது விரட்டிவிட்டார்கள்.

பேத்திக்கு ஆறாம் மாதம் சோறு ஊட்டுகிற நாள் வந்தது. சிட்டம்மா கேப்பைக் கூழில் கீரையை மசித்து, விரல் நுனியில் எடுத்து, ஊட்டும் முன்னால் தன் மூக்குக்கு நேரே வெகுநேரம் பிடித்து முகர்ந்து பார்த்தாள். ஒரு வாசமும் தெரியவில்லை. இல்லாததால் தெரியவில்லையா, இருபத்திரண்டு வருசத்தில் மூக்குக்குப் பழகிப்போய்த் தெரியவில்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"இந்தாருங்க" என்றாள். "இது ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

சுவரைப் பார்த்த முதுகு அசையவில்லை. பிள்ளை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. சிட்டம்மா ஊட்டினாள்.